ஆய்வுக்கூடத்தின் வாயில்



சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் கல்விப் பணியைத் தொடங்கிய நாளில், நம் பிள்ளைகள் பலகையும் பல்பமும் ஏந்துவதே பெரும் போராட்டமாக இருந்தது. இந்த வெள்ளி விழாவில் நாம் பேச விழைவது வேறொரு வாயிலைப் பற்றி. அது ஆய்வுக்கூடத்தின் வாயில்.

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பயின்று, அங்கேயே நெடுங்காலம் பணியாற்றியவர் வைரஸ் ஆய்வாளர் டாக்டர் ககன்தீப் காங் அம்மையார். 1962இல் சிம்லாவில் பிறந்தவர். இரயில்வே பொறியாளரின் மகள். வறுமையில் பிறந்தவரல்லர் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் அவர் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது ஏழை வீட்டுத் தொட்டிலை வெறுமையாக்கும் நோயை.

ரோட்டா வைரஸ் குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்குவது. உடலின் நீரும் உப்பும் வற்றிப் பிள்ளை சோர்ந்துவிடும். நம் தெருக்களில் அதை மாந்தம் என்றோம். பிள்ளை போனபின் தலைவிதி என்றோம். அம்மையாரும் அவர் குழுவினரும் வேலூரின் ஏழைக் குடியிருப்புகளில் சுமார் 450 பச்சிளங்குழந்தைகளைப் பிறப்பு முதல் மூன்றாண்டுகள் வீடுதேடிச் சென்று கண்காணித்தனர். மெக்சிகோவில் இருமுறை தொற்றிய குழந்தைக்குக் கடும் நோய் மீண்டும் வரவில்லை. இங்கோ மும்முறை தொற்றிய பின்னும் முழுக்காப்பு இல்லை. 2011இல் வெளியான முடிவு இது. பிற நாட்டுக் கணக்கு நம் குடிசைக்குப் பொருந்தாது என்று அந்தக் குழந்தைகளே உலகுக்குக் காட்டினர்!

பின்னர், டெல்லியில் ஒரு குழந்தையிடம் கண்டெடுத்த வைரஸிலிருந்து உருவான சொட்டுமருந்து, டெல்லி, புனே, வேலூர் ஆகிய இடங்களில் ஏறத்தாழ 6,800 குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டது. 2016 முதல் ரோட்டா சொட்டுமருந்து அரசின் தடுப்பூசித் திட்டத்தில் இலவசமாக வழங்கப்படுகிறது. 2019இல் அம்மையார் இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 2023இல் கேட்ஸ் அறக்கட்டளையின் உலக நலப் பணியில் பொறுப்பேற்றார்.

நமக்கு எழும் வினா ஒன்று. எண்ணப்பட்ட குழந்தைகளில் ஏழைகள் இருந்தார்கள். எண்ணியவர் வரிசையில் நம்மவர் எத்தனை பேர்?

அண்ணாமலை நகரில் இருந்த மருத்துவக் கல்லூரியின் கட்டணம் நம் கைக்கு எட்டாததாக இருந்தது. மாணவர்கள் போராடினார்கள், 2021இல் அது கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியாயிற்று. மருத்துவம் ஒன்றுதான் வழி என்பதுமில்லை. நுண்ணுயிரியல் பட்டமும், ஆய்வக நுட்புநர் பயிற்சியும், செவிலியர் படிப்பும் அதே வாயிலுக்கே செல்கின்றன.

ஆனால் செய்முறை ஏட்டுக்குச் செலவாகும் என்று பெண்பிள்ளைகளை அறிவியல் பிரிவில் சேர்க்கத் தயங்கும் வீடுகள் நம்மிடையே இன்னும் உள்ளன. பதினோராம் வகுப்பில் உயிரியல் எடுக்க விரும்பும் பிள்ளைகளின் பெயர்களை இன்றே கழகச் செயலாளரிடம் கொடுத்துச் செல்லுங்கள். ஏட்டுச் செலவை நாம் பார்த்துக்கொள்வோம்.