கைவேலைக் கிதாரும் ஒரு துளையும்



கையால் செய்த பொருளில் துளையிடுவது எளிய செயலன்று. கடையில் வாங்கிய பெட்டியில் தயங்காமல் ஆணி அடிக்கும் கை, கைவினைஞர் ஒருவர் பல மாதம் இழைத்து உருவாக்கிய கிதாரின்மேல் துளைக்கருவியை வைக்கும்போது நடுங்கத்தான் செய்யும். என் நண்பர் ஒருவருக்கு அந்நிலை வந்தது. வீட்டுக் கூடத்தில் இனிமையாக ஒலித்த அவருடைய கிதார், பிற கருவிகள் சூழ்ந்த மேடையில் ஐந்தாம் வரிசைக்குக்கூட எட்டவில்லை. அதனை ஒலிபெருக்கியோடு இணைக்க ஒரு ஜாக் வேண்டும். ஜாக்குக்கு ஒரு துளை வேண்டும். துளையிட்டால் நாதம் கெட்டுவிடுமோ என்று அவர் கேட்டார். நான் சொன்ன விடையை உங்களுக்கும் சொல்கிறேன்.

கிதாரின் குரல் பெரும்பாலும் அதன் மேற்பலகையிலேயே பிறக்கிறது. ஸ்புரூஸ் போன்ற இலேசான மரத்தில் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் தடிப்புக்கு இழைக்கப்பட்ட பலகை அது. தந்தியின் அதிர்வைக் காற்றுக்குக் கொடுப்பது அதுவே. ஸ்பெயின் நாட்டுக் கைவினைஞர் அந்தோனியோ தெ தோர்ரெஸ் 1862ஆம் ஆண்டில் ஒரு கிதார் செய்தார். மேற்பலகையை நல்ல மரத்தால் அமைத்து, பக்கங்களையும் முதுகையும் காகிதக் கூழ் அட்டையால் அமைத்தார். மேற்பலகையின் சிறப்பைக் காட்டவே அவர் அவ்வாறு செய்தார் என்பர். ஆகவே, துளையிடலாமா என்பதைவிட எங்கே துளையிடுவது என்பதே பெரிய கேள்வி.

மேற்பலகையைத் தொடலாகாது. பக்கப் பலகையும் ஏற்ற இடமன்று. அதன் தடிப்பு 2 மில்லிமீட்டர் அளவே. மேடையில் யாரேனும் கம்பியைக் காலால் மிதித்துவிட்டால், அந்த இழுப்பு முழுவதும் மெல்லிய பலகையின்மேல் விழும். மரம் ரேகை வழியே பிளந்துவிடும். கருவியின் அடிமுனையிலோ, இரு பக்கப் பலகைகளும் கூடும் இடத்தில், உள்ளே ஒரு தடித்த மரக்கட்டை ஒட்டப்பட்டிருக்கிறது. தோள்வார் மாட்டும் குமிழ் பெரும்பாலும் அங்கேதான் பொருத்தப்படும். அக்குமிழை எடுத்துவிட்டு, அதே துளையை அகலப்படுத்தி ஜாக்கைப் பொருத்தினால், புதிய துளை ஒன்று தேவையே இல்லை. இத்தகைய ஜாக் தானே தோள்வார்க் குமிழாகவும் பயன்படும்.

இனி, வேலையின் முறை. முதலில் தந்திகளைத் தளர்த்துங்கள். ஜாக்குக்கு வேண்டிய துளை பொதுவாக 12 மில்லிமீட்டர் அளவுடையது. முன்பே துளை இருக்கும் இடத்தில் பெரிய டிரில்லை வைத்தால், அது விளிம்பைக் கவ்விக்கொண்டு மரத்தைப் பிய்த்துவிடும், மெருகும் உதிரும். ஆதலால் ரீமர் என்னும் கூம்பு வடிவக் கருவியைக் கையால் மெல்லச் சுழற்றி, அடிக்கடி அளவு பார்த்து, சிறிது சிறிதாக அகலப்படுத்துங்கள். வெட்டிய மரத்தை மீண்டும் ஒட்ட இயலாது அன்றோ? அவசரம் இவ்வேலைக்குப் பகை.

அடுத்தது மின்னிணைப்பு. தந்தி தாங்கும் எலும்புத் துண்டின்கீழ் வைக்கும் பிக்கப், அழுத்தத்தை மின்சாரமாக மாற்றுவது. இத்தன்மையைப் பியேர் கியூரியும் அவர் தமையனார் ழாக் கியூரியும் 1880ஆம் ஆண்டில் கண்டறிந்தார்கள். அதன் கம்பியை ஜாக்கின் முனைத்தகட்டிலும், உறைக்கம்பியை ஜாக்கின் உடலிலும் பற்றவைக்க வேண்டும். நெடுநேரம் சூடு காட்டலாகாது. மிகுந்த சூட்டில் பிக்கப் தன் ஆற்றலை இழந்துவிடும். உள்ளே 9 வோல்ட் பாட்டரியால் இயங்கும் சிறு பெருக்கி இருந்தால், மூன்று தொடர்புள்ள ஜாக் வேண்டும். பிளக்கைச் செருகும்போதுதான் பாட்டரியின் சுற்று முழுமை பெறும். எனவே வாசித்து முடித்ததும் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். இன்றேல், பாட்டரி வீணே தீர்ந்துகொண்டிருக்கும்.

இறுதியில், ஒலித்துளை வழியே ஜாக்கை உள்ளே செலுத்தி, வெளியிலிருந்து நீட்டிய மெல்லிய குச்சியால் அதனை வழிநடத்தி வெளியே கொணருங்கள். உட்புற மரைநட்டைக் கட்டையின் தடிப்புக்கேற்ப முன்பே நிறுத்திக்கொள்ள வேண்டும். வெளிநட்டை முடுக்கும்போது ஜாக்கும் கூடவே சுழன்றால் பற்றவைத்த கம்பி அறுந்துபோகும். ஆகையால் ஜாக்கின் குறுக்குத்துளையில் ஒரு கம்பியை நுழைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். மிகப் பழைய, அரிய கருவிகளுக்கு இந்தச் சிறு மாற்றமும் தகாது. அவற்றுக்கு முன்னே ஒரு மைக்கை வைத்து வாசிப்பதே முறை.

என் நண்பர் ஒரு மாலை முழுவதும் செலவிட்டு இவ்வேலையை முடித்தார். முடித்ததும் அவர் ஒலிபெருக்கியை நாடவில்லை. தந்திகளை முறுக்கிச் சுருதி கூட்டி, கம்பி எதையும் செருகாமல், கூடத்தில் அமர்ந்து வாசித்துப் பார்த்தார். பழைய குரல் அப்படியே இருந்தது. அதன் பிறகே பிளக்கைக் கையில் எடுத்தார். கருவியைச் செய்தவரின் உழைப்புக்கு நாம் காட்டும் மரியாதை, அதைத் தொடாமல் பூட்டி வைப்பதில் இல்லை. தொட வேண்டிய இடத்தை அறிந்து தொடுவதில் இருக்கிறது.