பள்ளி வளாகத்து எருக்கஞ்செடியும் பல்லுயிர்ப் பாடமும்

இந்தியப் பள்ளிகளில் சுற்றுச்சூழல் கல்வி கட்டாயமாகக் கற்பிக்கப்பட வேண்டும் என்று, வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991 நவம்பரில் ஆணையிட்டது. அந்த ஆணை பல இடங்களில் ஏட்டளவிலேயே நின்றுவிட்டதைக் கண்ட நீதிமன்றம், 2003 டிசம்பரில், வகுப்புவாரியான பாடத்திட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என மீண்டும் வலியுறுத்தியது. இன்று தமிழ்நாட்டின் ஒன்றாம் வகுப்புக் குழந்தையின் பையிலும் சூழ்நிலையியல் பாடம் இருக்கிறது. மேல் வகுப்புகளில் தேசிய பசுமைப் படையும் சுற்றுச்சூழல் மன்றங்களும் இயங்குகின்றன. ஆகவே பாடம் இல்லை என்று எவரும் குறைகூற இயலாது. அந்தப் பாடம் எங்கே நடக்கிறது, எதைக் கண்முன் வைத்து நடக்கிறது என்பதே கேட்கத்தக்க கேள்வி.

பல்லுயிர்ப் பெருக்கம் என்பதை உயிரியலார் மூன்று நிலைகளில் விளக்குவர். ஒரே இனத்துக்குள் காணப்படும் மரபுவழி வேறுபாடு முதல் நிலை. ஓரிடத்தில் வாழும் இனங்களின் வேறுபாடு இரண்டாவது. அவ்வினங்கள் மண்ணோடும் நீரோடும் பிணைந்து வாழும் காடு, புல்வெளி, சதுப்பு, குளம் போன்ற சூழல்தொகுதிகளின் வேறுபாடு மூன்றாவது. இம்மூன்றையும் விளக்க அமேசான் காட்டுக்கும் பவளப்பாறைக்கும் செல்வது பாடநூல்களின் வழக்கம். காவிரிப் படுகையில் உள்ள ஒரு பள்ளியிலோ, முதல் நிலையை விளக்க மூன்று பிடி நெல்லே போதும். வெள்ளம் தேங்கும் நிலத்திலும் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து நிற்கும் காட்டுயானம், சிவந்த அரிசி தரும் மாப்பிள்ளைச் சம்பா, மணத்துக்குப் பெயர்பெற்ற சீரகச் சம்பா ஆகிய அனைத்தும் ஒரே இனத்தின் வகைகள்தாம் என்பதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்த மாணவருக்கு, மரபுவழி வேறுபாடு என்ற சொல்லை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவை எழாது.

இரண்டாம் நிலைக்குப் பெரும்பாலான பள்ளிகளில் சுற்றுச்சுவரின் மூலையே போதுமானது. அங்கு எவரும் நடாமலே முளைத்து நிற்கும் எருக்கஞ்செடியை ஒரு மாத காலம் தொடர்ந்து கவனிக்கும் வகுப்பு, உணவு வலையின் பெரும்பகுதியைத் தானே கண்டறிந்துவிடும். வெந்தய வரியன் என்னும் பட்டாம்பூச்சி எருக்க இலைகளில் ஒவ்வொன்றாக முட்டையிடுகிறது. அதிலிருந்து வெளிவரும் புழு, கருப்பும் வெள்ளையுமான வளையங்களும் அவற்றினிடையே மஞ்சள் புள்ளிகளும் உடலில் மூன்று இணை கருநிற இழைகளும் கொண்டு, ஒளிந்துகொள்ள முயலாமல் வெளிப்படையாகவே இலையைத் தின்கிறது. அதற்கு அந்தத் துணிவு எருக்கம்பாலால் வருகிறது. பாலில் உள்ள நஞ்சைப் புழு தன் உடலில் சேர்த்துவைப்பதால், ஒருமுறை கொத்திப் பார்த்த பறவை மறுமுறை அதை நாடுவதில்லை. பட்டாம்பூச்சியான பின்னும் அந்தக் காப்பு நீடிக்கிறது. அதே செடியின் இளந்தண்டில் மஞ்சள் நிற அசுவினிகள் மொய்த்துச் சாறு உறிஞ்சும்; அவை வெளிவிடும் இனிப்பு நீருக்காக எறும்புகள் வரும்; அசுவினியைத் தின்னப் பொறிவண்டுகள் வரும். காய்ந்த மரத்தைத் துளைத்துக் கூடமைக்கும் பெரிய கருநிறத் தேனீ பூவுக்கு வரும். இத்தனை உறவுகளையும் இடைவேளைகளில், நோட்டும் பென்சிலுமாகப் பதிவுசெய்ய முடியும். எருக்கம்பால் கண்ணில் பட்டால் தீங்கு விளைவிக்கும் என்பதால் இலையை ஒடிக்காமல் பார்க்கவேண்டும் என்ற எச்சரிக்கை மட்டும் ஆசிரியரிடமிருந்து முதலில் வரவேண்டும்.

வளாகத் தூய்மை என்ற பெயரில் முதலில் வெட்டப்படுவது இந்தச் செடியே என்பது வருந்தத்தக்கது. எருக்கும் தும்பையும் குப்பைமேனியும் களையப்பட்டு, அவ்விடத்தில் அயல்நாட்டு அலங்காரச் செடிகள் தொட்டிகளில் வைக்கப்படும்போது, பார்வைக்குப் பசுமை கூடினாலும் அங்கு வாழத்தக்க உயிர்களின் எண்ணிக்கை குறைந்துவிடுகிறது. மரம் நடும் விழாக்களிலும் இதே குழப்பம் உண்டு. மடகாஸ்கர் தீவுக்குரிய குல்மொகரும் தென்னமெரிக்காவின் தூங்குமூஞ்சி மரமும் நிழல் தருபவைதாம். எனினும் எந்த மரத்தை நம்பி எந்தப் பறவையும் பூச்சியும் வாழ்கின்றன என்ற கேள்வியைக் கேளாமல் நட்ட கன்றுகளை எண்ணிச் சொல்வது, பல்லுயிர்க் கல்வியாகாது. வளாகத்தின் ஒரு மூலையையாவது வெட்டாமலும் கொத்தாமலும் விட்டுவைக்கும் தலைமையாசிரியர், செலவின்றி ஓர் ஆய்வுக்கூடத்தை அமைத்தவராகிறார்.

பார்த்தவற்றைத் தேதியிட்டு எழுதும் பழக்கமே இக்கல்வியின் முதுகெலும்பு. கேரளப் பள்ளிகள் பலவற்றில் 'சீசன்வாட்ச்' என்ற திட்டத்தின்கீழ் மாணவர்கள் தமக்கென ஒரு மரத்தைத் தேர்ந்து, வாரந்தோறும் அதில் தளிர், பூ, காய் எவ்வளவு இருக்கின்றன என்று குறித்து வருகின்றனர்; ஆண்டுகள் செல்லச் செல்ல இக்குறிப்புகள், பருவகால மாற்றத்தை மரங்கள் எவ்வாறு எதிர்கொள்கின்றன என்று ஆராய்வோருக்கு மூலத் தரவாகின்றன. தமிழ்நாட்டில் 2015 முதல் நடைபெறும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில், குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் கண்ட பறவைகளைப் பட்டியலிட்டு அனுப்பும் எவரும் பங்கேற்கலாம். இவ்விரண்டிலும் பத்து வயதுச் சிறுமியின் குறிப்பு, முறையாக எழுதப்பட்டிருந்தால், முனைவர் ஒருவரின் குறிப்போடு சேர்ந்தே கணக்கில் கொள்ளப்படுகிறது. ஏறத்தாழ பத்து லட்சம் இனங்கள் அழிவின் அச்சுறுத்தலில் உள்ளன என்று பல்லுயிர் குறித்த பன்னாட்டு அறிவியல் மன்றம் 2019-ல் அறிவித்ததைப் பாடநூலில் படிக்கும் குழந்தைக்கு அச்சமே மிஞ்சும். தன் பள்ளியின் புங்கமரம் எந்த வாரம் தளிர்த்தது என்று அறிந்த குழந்தையிடமோ அந்த எண்ணைப் பற்றிக் கேட்பதற்குக் கேள்விகள் இருக்கும்.

நிலைத்த பயன்பாடு என்னும் கருத்து இதைவிடக் கடினமானதாகக் கருதப்படுகிறது. வருங்காலத் தலைமுறையின் தேவைக்கு ஊறு நேராதபடி இன்றைய தேவையை நிறைவுசெய்யும் வளர்ச்சி என்று ஐக்கிய நாடுகளின் பிரண்ட்லாந்து ஆணையம் 1987-ல் நிலைத்த வளர்ச்சிக்கு விளக்கம் தந்தது. மாணவருக்கு அதை ஒரு கணக்காகவே கற்பிக்கலாம்: எடுக்கும் வேகம், மீண்டும் விளையும் வேகத்தை மிஞ்சாதிருக்க வேண்டும். திருவாரூர் மாவட்டம் ஆதிரங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய விதைத் திருவிழாக்களில், 2 கிலோ மரபு நெல் விதையைப் பெற்றுச் சென்ற உழவர் மறுஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது விதி. அந்த ஒரே விதியால் 170-க்கும் மேற்பட்ட மரபு நெல் வகைகள் மீட்கப்பட்டுப் பல ஊர்களுக்குப் பரவின. இரண்டு நான்காகி, நான்கு எட்டாகும் பெருக்கத்தை ஐந்தாம் வகுப்புக் கணக்குப் பாடத்திலேயே போட்டுப் பார்க்கலாம். ஒருவர் திருப்பித் தராவிட்டால் என்னவாகும் என்பதையும் அதே கணக்கில் காட்டலாம்.

ஊர்க் கண்மாய் இதைவிடச் செறிவான பாடம்; முன்பு சொன்ன மூன்றாம் நிலையான சூழல்தொகுதியும் அங்கேயே கண்முன் நிற்கிறது. மடையருகே நீரின் உயரத்தைப் பெரியவர் ஒருவர் துணையோடு வாரம் ஒருமுறை குறித்துவந்தால், பாசனத்துக்கு எடுத்ததும் வெயிலில் ஆவியானதும் வண்டலால் குறைந்துபோன கொள்ளளவும் பேச்சுக்கு வந்துவிடும். அக்கண்மாயில் முன்பு என்னென்ன மீன்கள் கிடைத்தன என்று பாட்டியையும் தாத்தாவையும் கேட்டு எழுதிவரச் சொன்னால், அயிரை, கெளுத்தி, கெண்டை, குறவை, விரால் என்று பெயர்கள் வரும். இன்று வலையில் மிகுதியாக விழுவது ஜிலேபி கெண்டையாக இருந்தால், 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட அந்த ஆப்பிரிக்க மீன், முட்டைகளையும் குஞ்சுகளையும் வாய்க்குள் வைத்துக் காப்பதால் எவ்வளவு விரைவாகப் பெருகி, ஏனைய மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது என்பதை ஆசிரியர் விளக்கலாம். அயல் இனங்களின் ஊடுருவல் என்ற தலைப்பு அப்போது வீட்டுக் குழம்போடு தொடர்புடைய செய்தியாகிறது. செடிகளின், மீன்களின் பெயர்கள் அனைத்தும் ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஆடு மேய்ப்பவரும் மீன் பிடிப்பவரும் வகுப்புக்கு அழைக்கப்படும் நாளில் அக்குறை தீரும்.

இப்பதிவுகளுக்குச் சட்டத்திலேயே ஓர் இடம் இருக்கிறது. 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பல்வகைமைச் சட்டம், ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு ஒன்றை அமைக்கச் சொல்கிறது. ஊரில் உள்ள உயிரினங்களையும் அவை பற்றிய மக்களின் அறிவையும் தொகுத்து மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு தயாரிப்பது அக்குழுவின் தலையாய பணி. இப்பணி முடங்கிக் கிடந்ததால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2020 ஜனவரி இறுதிவரை கெடு விதித்தது. கெடுவுக்கு அஞ்சி எழுதப்படும் பதிவேட்டில் விடுபடுபவை மிகுதியாக இருப்பது இயல்பே. பட்டியலின் வலிமை எத்தகையது என்பதற்கு மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி சான்று. சுமார் 250 பறவையினங்களும் அழுங்கும் தேவாங்கும் மலைப்பாம்பும் வாழும் அப்பகுதி, 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. பின்னர் அவ்வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தபோது மக்கள் முன்வைத்த வாதங்களுள் அந்த அறிவிப்பும் ஒன்றாக நின்றது. 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

மாணவர்களின் குறிப்பேடுகள் ஆண்டு முடிந்ததும் பழைய தாள் கடைக்குப் போவதே இன்றைய வழக்கம். அவற்றைப் பள்ளி நூலகத்தில் சேர்த்துவைத்து, அடுத்த ஆண்டு அதே வகுப்புக்கு வருவோரிடம் அதே மரம், அதே மடை, அதே மூலையின் தொடர்ச்சியாக ஒப்படைக்கலாம். அக்டோபர் 2-இல் கூடும் கிராம சபையில் அவ்வாண்டின் பட்டியலை மாணவர் ஒருவரே வாசித்து, பதிவேட்டில் விடுபட்ட பெயர்களைச் சேர்க்குமாறு மேலாண்மைக் குழுவைக் கேட்கலாம்.