சொல்லுக்குள் யார்?



இன்று உங்கள் முன் ஓர் ஆங்கிலச் சொல்லை அழைத்து வந்திருக்கிறேன். கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டவனுக்குச் சொல்லாராய்ச்சி எதற்கு என்று எண்ணுவோர் இருக்கலாம். பட்டம் பெறாதவன்தான், ஆனால், நாடகம் எழுதுகிறவன். ஒருவர் அரங்கிலே வந்து நின்றால், திரைமறைவிலே நிற்பவர் யார் என்று பார்ப்பது என் தொழில்!

'மென்ஃபோக்' என்பது அச்சொல். 'மென்' என்றால் ஆண்கள். 'ஃபோக்' என்றால் மக்கள். 'ஆண்மக்கள்' என்கிறோமே, அதே அமைப்பு, அதே பொருள்! ஒரு வீட்டின் ஆண்களை, ஓர் ஊரின் ஆண்களை ஒருசேரச் சுட்டுவது. தனியொருவனை அச்சொல்லால் அழைக்க இயலாது. ஆண்மக்கள் கடல்மேல் சென்றனர், களத்துக்குச் சென்றனர், வயலிலிருந்து திரும்பினர் என்று பழங்கதைகளிலே வரும். இன்று பேச்சிலே எடுத்தால், பாட்டன் காலத்துச் சொல் என்று புன்னகை புரிவர்.

பழைய சொல்தான், ஆயினும் பொய் பேசாத சொல்! 'ஆண்மக்கள் கடலுக்குச் சென்றனர்' என்றதும், கரையிலே காத்து நிற்கும் பெண்மக்கள் நம் கண்முன் வருகின்றனர். 'நான் ஆண்களை மட்டுமே குறிக்கிறேன். மற்றவர் வேறாக இருக்கின்றனர்' என்று ஒப்புக்கொள்ளும் சொல் அது.

அதற்கு ஓர் அண்ணன் உண்டு. 'மேன்' என்று பெயர். அவன் கதை வேறு. பழைய ஆங்கிலத்திலே 'மன்' என்றால் மனிதர். ஆணும் அதிலே அடக்கம், பெண்ணும் அடக்கம். ஆணுக்கு 'வெர்' என்றும், பெண்ணுக்கு 'வீஃப்' என்றும் தனிப்பெயர்கள் இருந்தன. 'வெர்' வழக்கொழிந்தது, ஓநாயாக மாறும் மனிதனைக் குறிக்கும் 'வேர்வுல்ஃப்' என்ற சொல்லிலே ஒட்டிக்கொண்டிருக்கிறது. தன் வீட்டை இழந்த ஆண், பொதுச் சத்திரமாகிய 'மன்' என்பதிலே குடிபுகுந்தான். புகுந்தவன், சத்திரமே எனது என்றான்!

சொல் விளையாட்டுத்தானே என்கிறீர்களா? விளைந்த கேட்டைக் கேளுங்கள்.

1850இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒரு சட்டம் செய்தது. வேறுவிதமாக வெளிப்படையாகக் கூறப்பட்டிருந்தாலன்றி, சட்டங்களில் ஆண்பாற்சொல் பெண்ணையும் உள்ளடக்கும் என்றது. 1867இல் வாக்குரிமையை விரிவாக்கும் மசோதா வந்தது. அதிலே 'மேன்' என்ற சொல்லை நீக்கி, 'ஆள்' எனப் பொருள்படும் 'பெர்சன்' என்ற சொல்லை இடுக என்றார் ஜான் ஸ்டூவர்ட் மில். ஆதரித்தவர் 73 பேர், திருத்தம் தோற்றது! அதே ஆண்டு மான்செஸ்டரிலே, கடை நடத்திய லில்லி மேக்ஸ்வெல் என்ற மாது, வாக்காளர் பட்டியலிலே தவறுதலாக இடம்பெற்று, வாக்களித்தும் விட்டார். அடுத்த ஆண்டு, அந்நகரத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் உரிமை கோரினர். ஆண்பாற்சொல்லிலே பெண்ணும் அடக்கம் என்று நீங்கள்தாமே சொன்னீர்கள் என்றனர். நீதிபதிகள் என்ன சொன்னார்கள்? வாக்குரிமைச் சட்டத்தின் 'மேன்' என்ற சொல்லிலே மாதர் இல்லை என்றனர்!

வீட்டு வரி வாங்கும்போது பெண் உள்ளே. வாக்குச்சீட்டு வழங்கும்போது பெண் வெளியே! சொல் ஒன்று, கதவு இரண்டு! ஆண்களுக்கு நிகரான வாக்குரிமை பிரிட்டிஷ் மாதருக்குக் கிடைத்தது 1928இலேதான். அறுபதாண்டுகள், தோழர்களே, ஒரு சொல்லின் வாயிலிலே காத்து நின்றனர்!

1948இல் மனித உரிமைப் பேரறிக்கையை உலக நாடுகள் எழுதிய வேளையில், 'ஆண்கள் அனைவரும்' என்றும் பொருள்படக்கூடிய தொடர் முதல் விதியிலே இருந்தது. இந்தியாவின் சார்பிலே சென்ற ஹன்சா மேத்தா அம்மையார் அதை ஏற்கவில்லை. 'மனிதப் பிறவிகள் அனைவரும்' என்று மாறியது. மாந்தர்குலம் முழுவதும் உள்ளே வந்தது!

தோழர்களே! ஆண்களை மட்டும் குறிக்கிறேன் என்று வெளிப்படையாகக் கூறும் சொல்லை எதிர்த்து வாதிடலாம். எல்லோரையும் குறிக்கிறேன் என்று இன்முகம் காட்டி, வேளை வரும்போது கதவடைக்கும் சொல்லிடம்தான் விழிப்புத் தேவை. சட்டமொன்று படிக்கப்படும்போது, தீர்மானமொன்று முன்மொழியப்படும்போது, அது நம் மன்றத்துத் தீர்மானமாகவே இருந்தாலும், எழுந்து நின்று கேளுங்கள்: இச்சொல்லுக்குள் யார்? வெளியே யார்?

கேட்பதற்குப் பட்டம் தேவையில்லை, துணிவு போதும்!