கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரின்னு ஏன் சொல்றோம்? – வடசென்னை இளைஞர் பயிலரங்க உரை

(வடசென்னையில் நடந்த இளைஞர் பயிலரங்கத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள், பகிருங்கள்.)



தம்பிங்க, தங்கச்சிங்க நிறைய பேர் வந்திருக்கீங்க. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பிரியாணி சாப்பிட்டுட்டுத் தூங்குற நேரம். அதை விட்டுட்டு வந்ததுக்கு முதல்ல நன்றி.

ஒரு கேள்வியோட ஆரம்பிக்கிறேன். ஸ்டான்லி ஆஸ்பத்திரியை உங்க வீட்டுப் பெரியவங்க என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க? பின்னாடி யாரோ சரியா சொல்றீங்க. கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி. எங்க ஆயா கடைசி வரைக்கும் ஸ்டான்லின்னு ஒரு தடவை கூடச் சொன்னதில்லை. "கஞ்சித்தொட்டிக்குப் போய் ஊசி போட்டுட்டு வா"ன்னுதான் சொல்லும். சின்ன வயசுல எனக்கு அது வெட்கமா இருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போய் இப்படி ஒரு பேரான்னு நினைப்பேன்.

பிறகு தேடிப் படிச்சப்போதான் தெரிஞ்சது. 1782. சென்னையைச் சுற்றிப் பஞ்சம். கிராமத்து ஜனங்க பட்டினியோட பட்டணத்தை நோக்கி நடந்து வர்றாங்க. அவர்களுக்குக் கஞ்சி ஊற்ற இந்தப் பகுதியில் ஒரு சத்திரம் தொடங்கப்பட்டது. மணியக்காரர் சத்திரம். வெள்ளைக்காரன் வாயில் மணியக்காரர் 'மோனிகர்' ஆனார், அதனால் ஆவணங்களில் அது மோனிகர் சத்திரம். கஞ்சி குடிக்க வந்தவர்களில் நோயாளிகளும் இருந்தார்கள், அவர்களுக்கு மருத்துவம் பார்க்க வேண்டி வந்தது, அங்கிருந்து வளர்ந்ததுதான் இன்றைய மருத்துவமனை. ஸ்டான்லி என்பவர் 1930களில் இங்கே கவர்னராக இருந்தவர். போர்டில் இருப்பது அவர் பெயர். எங்க ஆயா வாயில் இருந்தது அந்தப் பஞ்சம். எழுதப் படிக்கத் தெரியாத கிழவி 1782-ஐ ஞாபகம் வச்சிருந்துச்சு, படிச்ச பேரன் எனக்குத் தெரியல.

இன்னைக்கு நான் பேச வந்தது இதைப் பற்றித்தான். நம்ம ஏரியாவோட வரலாறு தொலைஞ்சு போகல. நம்ம வாயிலேயே இருக்கு. பேருக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டு இருக்கு.

யானைகவுனியை எடுத்துக்குங்க. தினமும் அந்தப் பாலத்துல போறீங்க. கவுனின்னா வாசல், கோட்டை மதில் வாசல். மதில் எங்கேன்னு கேட்டா, அதுக்குப் பதில் வால்டாக்ஸ் ரோட்டில் இருக்கு. பிரெஞ்சுக்காரர்கள் 1746-ல் சென்னையைப் பிடித்தார்கள், 1749-ல் ஆங்கிலேயரிடம் திரும்பி வந்தது. 1758-ல் மறுபடி லல்லி முற்றுகை போட்டார். பயந்து போன கம்பெனி, ஊரைச் சுற்றி ஒரு மதில் கட்டியது. கட்டின செலவை ஜனங்ககிட்ட வரியா வாங்கலாம்னு திட்டம். சுவர் வரி, அதாவது வால் டாக்ஸ். அந்த வரி கடைசி வரை வசூலாகவே இல்லை! ஆனா ரோட்டுக்குப் பேர் மட்டும் நின்னுபோச்சு. வசூலாகாத வரிக்கு ஒரு ரோடே இருக்கிற ஊர் நம்ம ஊர். அந்த மதிலின் மிச்சத் துண்டு பழைய ஜெயில் ரோட்டில் இன்னும் இருக்கு. மாடிப் பூங்கான்னு சொல்றோமே, அதேதான். அதுமேல ஏறி விளையாடினவங்க இங்கேயே சிலர் இருப்பீங்க.

ஆனா அதுக்கு முன்னாடி ஒரு கதை இருக்கு. அதைத்தான் நான் முக்கியமா சொல்லணும்.

கறுப்பர் நகரம்னு கேள்விப்பட்டிருப்பீங்க. அது இப்போ இருக்கிற ஜார்ஜ் டவுன் இடத்துலதான் முதல்ல இருந்துச்சுன்னு பலரும் நினைக்கிறாங்க. இல்லை. முதல் கறுப்பர் நகரம் கோட்டைச் சுவரை ஒட்டி, இன்னைக்கு ஹைகோர்ட் இருக்கிற இடத்தில் இருந்தது. நெசவு, வியாபாரம், கோயில், தெரு எல்லாம் அங்கேதான். பிரெஞ்சுக்காரன் அந்த வீடுகளை மறைவா வச்சுக்கிட்டுச் சுட்டான்னு, ஆங்கிலேயர் ஊரையே இடிச்சுத் தள்ளினாங்க. பீரங்கி சுட வெட்டவெளி வேணுமாம். சென்னகேசவப் பெருமாள் கோயிலும் போச்சு. அந்தக் கோயிலை 1760களில் மணலி முத்துகிருஷ்ண முதலியார் முயற்சியில் பூக்கடைப் பக்கம் திரும்பக் கட்டினார்கள். இன்னைக்கும் அங்கேதான் இருக்கு. இனிமே இந்த எல்லைக்கு இந்தப் பக்கம் வீடு கட்டக் கூடாதுன்னு கம்பெனி கல் தூண் நட்டுச்சு. 1773 ஜனவரி 1-ன்னு தேதி போட்ட ஒரு தூண் பாரிமுனையில் டேர் ஹவுஸ் கட்டடத்தில் இன்னும் நிக்குது. பஸ்ஸுக்கு நிக்குற கூட்டத்துல எத்தனை பேர் அதைப் பார்த்திருப்போம்?

அதாவது தோழர்களே, இந்த நகரத்தில் பூர்வகுடி மக்களை இடத்தைக் காலி பண்ணச் சொன்ன முதல் சம்பவத்துக்குக் கல்லிலேயே சாட்சி இருக்கு. அதுக்குப் பிறகு நடந்ததை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கூவம் ஓரம், பக்கிங்காம் கால்வாய் ஓரம் இருந்த எத்தனை குடும்பங்கள் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் போச்சுன்னு உங்க சொந்தக்காரங்களைக் கேட்டா தெரியும். அன்னைக்குக் கோட்டைக்கு வடக்கே கொஞ்ச தூரம் தள்ளினாங்க. இப்போ 25, 30 கிலோமீட்டர்.

அந்தப் பக்கிங்காம் கால்வாயையே எடுங்க. சாக்கடைன்னுதானே நினைக்கிறோம்? எண்ணூர்ப் பக்கம் 1806-லேயே வெட்டியாச்சு. ஆனா நகரத்துக்குள்ள கூவத்தையும் அடையாறையும் இணைக்கிற துண்டை 1877-78-ல் வெட்டினாங்க. தாது வருசப் பஞ்சம். கூலிக்கு வெட்டினது பட்டினி கிடந்த ஜனங்க. பேர் கவர்னர் பக்கிங்காம் பிரபுவோடது. வெட்டினவங்க பேர் ஒண்ணு கூட எங்கேயும் இல்லை. அவங்க பேரன் பேத்திங்க அந்தக் கரையில குடிசை போட்டா மட்டும் 'ஆக்கிரமிப்பாளர்'னு பேர் கிடைச்சுது.

சரி, கோபத்தைக் கொஞ்சம் ஓரமா வைப்போம். இன்னும் சில பேர் சொல்றேன், நல்லா இருக்கும். வண்ணாரப்பேட்டை ஏன் வண்ணாரப்பேட்டை? கம்பெனி இங்கே வந்ததே துணிக்காக. கப்பல் ஏறுகிற துணியை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்த இடம். சிந்தாதிரிப்பேட்டை 1734-ல் நெசவாளர்களுக்காக உண்டாக்கினது, சுங்குராமா என்கிற வியாபாரியோட தோட்டத்தை எடுத்து. திருவொற்றியூர் காலடிப்பேட்டையும் நெசவாளர் ஊர்தான். யாரோட காலடின்னு யோசிச்சிருக்கீங்களா? யாரோட காலடியும் இல்லை. கலெட்னு ஒரு கவர்னர். கலெட் பேட்டை காலடிப்பேட்டை ஆச்சு. பாரிமுனையில் அரண்மனைக்காரன் தெருவில் அரண்மனை தேடாதீங்க. ஆர்மீனியன் தெருவை நம்ம ஆளுங்க அப்படி மாத்திட்டாங்க. அங்கே ஆர்மீனியர் கோயில் இருக்கு. உலகத்திலேயே முதல் ஆர்மீனிய மொழிப் பத்திரிகை 1794-ல் வந்தது எங்கே தெரியுமா? நம்ம சென்னையில். அதை நடத்தின பாதிரியாரின் கல்லறை அந்தக் கோயிலுக்குள்ளேயே இருக்கு. ஏழுகிணறு கோட்டைக்குக் குடிதண்ணி கொடுத்த கிணறுகள். 1770களிலேயே வடசென்னைத் தண்ணி கோட்டைக்குப் போச்சு. (இதுக்குமேல நான் எதுவும் சொல்லல, நீங்களே சிரிச்சுக்குங்க.) அதே ஏழுகிணறு வீராசாமி தெருவில்தான் வள்ளலார் வளர்ந்தார், அங்கிருந்து நடந்து போய்க் கந்தகோட்டத்தில் பாடினார்.

ராயபுரம் ஸ்டேஷன் 1856. தென்னிந்தியாவோட முதல் பயணிகள் ரயில் அங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குக் கிளம்பியது. சென்ட்ரல் எல்லாம் பிறகு வந்தது. அந்தக் கட்டடம் இன்னும் நிக்குது. வெளியூர்க்காரன் யாராவது ராயபுரம்னா மூக்கைப் பொத்தினா, இதைச் சொல்லுங்க.

மூக்கைப் பொத்துறதுன்னு சொன்னதும் ஞாபகம் வருது. என் முதல் வேலை இன்டர்வியூவில் முகவரியைப் பார்த்துட்டு ஒருத்தர், "வியாசர்பாடியா?"ன்னு கேட்டார். அந்த ஒரு வார்த்தையில் எல்லாமே இருந்தது. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "இல்ல சார், பெரம்பூர் பக்கம்"னு சொன்னேன். இருபது வருசம் ஆச்சு, இன்னும் உறுத்துது. இந்தியாவில் முறையா அமைக்கப்பட்ட முதல் தொழிற்சங்கம் பிறந்த மண்ணு இதுன்னு அன்னைக்கு எனக்குத் தெரிஞ்சிருந்தா, குனிஞ்சிருக்க மாட்டேன்.

1918 ஏப்ரல் 27. சென்னைத் தொழிலாளர் சங்கம். பி அண்ட் சி மில், நம்ம பாஷையில் பின்னி மில். செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடுன்னு ரெண்டு பேர் முதல் முயற்சி எடுத்தாங்க. வாடியா தலைவர். திரு.வி.க. கூடவே நின்றார். காரணம் என்னன்னா, மத்தியானம் சாப்பிடக் கொடுத்த நேரம் அரை மணி. அதுக்குள்ள ஓடிப் போய், கை கழுவி, சாப்பிட்டு, ஓடி வரணும். தாமதம்னா கூலி வெட்டு. அந்தச் சோத்துப் பிரச்சினைதான் சங்கமாச்சு. கம்பெனி ஹைகோர்ட்டுக்குப் போய்ச் சங்கத் தலைவர்கள் மேல் தடை வாங்கியது. தொழிற்சங்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வேணும்கிற பேச்சு நாடு முழுக்க வலுத்து, 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. அதோட வேர் இங்கே, பெரம்பூரில்.

இதுல ஒரு கசப்பான பக்கமும் இருக்கு. மேடையில் சொல்லப் பலர் தயங்குவாங்க. 1921-ல் பெரிய வேலைநிறுத்தம். ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பலர் வேலைக்குப் போனாங்க. அவங்களுக்கு வேற நிலமோ சேமிப்போ கிடையாது. எம்.சி. ராஜா அவங்க பக்கம் நின்னு பேசினார். புளியந்தோப்பில் தொழிலாளியே தொழிலாளி குடிசையைக் கொளுத்தினான். போலீஸ் துப்பாக்கிச் சூடு, சாவுகள். அக்டோபரில் போராட்டம் தோத்துப் போச்சு. சாதி உள்ளே நுழைஞ்சதும் முதலாளி எதுவும் செய்யத் தேவையில்லாமப் போச்சு. முதல் சங்கம்னு பெருமை பேசுற நாம இதையும் சேர்த்துத்தான் பேசணும். ஒண்ணைச் சொல்லி இன்னொண்ணை மறைச்சா, புளியந்தோப்புல இருக்கிற தம்பி நம்மை எப்படி நம்புவான்?

பின்னி மில் 1996-ல் மூடினாங்க. பிறகு சினிமா ஷூட்டிங் எடுத்தாங்க. வில்லன் அடி வாங்குற பாழடைஞ்ச பேக்டரி சீன் பாதி அங்கே எடுத்ததுதான். எங்க தாத்தா முப்பது வருசம் நின்ன இடத்துல ஹீரோ ஸ்லோ மோஷன்ல நடந்தார், நாங்க விசில் அடிச்சோம். இப்போ அடுக்குமாடி வந்தாச்சு. வீடு வரட்டும், தப்பில்லை. ஆனா இங்கே என்ன நடந்ததுன்னு தெருவில் போறவன் படிக்கிற மாதிரி ஒரு கல் வேணும்னு கேக்கறோம். வரி போட நட்ட சுவருக்கு ரோடு இருக்கு, வேலை செஞ்ச ஆயிரக்கணக்கான பேருக்கு ஒரு பலகை வைக்கக் கூடாதா?

இதுக்கு மாமன்றத்தில் நம்ம உறுப்பினர்கள் மூலமா கோரிக்கை வைப்போம். அது ஒரு பக்கம் நடக்கட்டும். உங்ககிட்ட நான் கேக்கிறது வேற வேலை. உங்க வீட்டுப் பரண்ல ஒரு டிரங்குப் பெட்டி இருக்கும். அதுல மில் பில்லை, சங்கச் சந்தா ரசீது, பி.எப். சீட்டு, குடிசை மாற்று வாரிய ஒதுக்கீட்டுக் கடிதம், பழைய ரேஷன் கார்டு ஏதாவது இருக்கும். தூக்கிப் போட்டுடாதீங்க. போட்டோ எடுங்க, பின்னாடி யாரோடது, எந்தத் தெரு, எந்த வருசம்னு எழுதுங்க. இது பெருமைக்காக மட்டும் இல்ல. நாளைக்கு யாராவது வந்து "நீ எப்போ இங்கே வந்தே?"ன்னு கேட்டா, எடுத்துக் காட்ட நம்ம கையில காகிதம் இருக்கணும். உங்க ஆயா, தாத்தா இருந்தா பக்கத்துல உக்காந்து போன்ல பதிவு பண்ணுங்க. "அந்தக் காலத்துல எப்படி இருந்துச்சு?"ன்னு பொதுவா கேக்காதீங்க, ஒண்ணும் வராது. "தண்ணி எங்கே பிடிச்சீங்க? சங்கு எத்தனை மணிக்கு ஊதும்? சம்பள நாள்ல வாசல்ல யார் நிப்பாங்க?"ன்னு கேளுங்க. கொட்டும். கடன்காரன் பேர்ல இருந்து கருவாட்டு விலை வரைக்கும் கொட்டும்.

எங்க ஆயாகிட்ட நான் கேக்கல. கேக்கணும்னு தோணினப்போ அது இல்ல.

வர்ற ஞாயிறு காலை ஆறரைக்கு ராயபுரம் ஸ்டேஷன் வாசல்ல கூடுறோம். அங்கிருந்து மாடிப் பூங்கா, ஸ்டான்லி, ஏழுகிணறு, யானைகவுனி வழியா பாரிமுனைத் தூண் வரைக்கும் நடை. கொடி வேண்டாம், செருப்பு நல்லதா போட்டுக்கிட்டு வாங்க. நடக்க முடியாத பெரியவங்களுக்கு ஆட்டோ ஏற்பாடு இருக்கு, வட்டப் பொறுப்பாளர்கிட்ட சனிக்கிழமைக்குள்ள பேர் கொடுத்துடுங்க. அவங்களை அவசியம் கூட்டிட்டு வாங்க. வழியில நான் பேசப் போறதில்ல, அவங்கதான் பேசணும்.



#வடசென்னை #நம்மஊர்நம்மவரலாறு