கவ்வாத்து வெட்டிய செடியும் துளிர்க்கும்
(தோட்டப் பெற்றோர் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



சாதாரண தரப் பெறுபேறு வந்ததும் லயத்தில் கேட்கும் முதல் பேச்சு, "கணக்குப் பெயிலு, கொழும்புக்குக் கடைக்கு அனுப்புவோம்" என்பதுதான். இதில் நாங்களும் குற்றவாளிகளே. ஒரு பையனுக்கு நாங்களே கடை வேலை பிடித்துக் கொடுத்தோம். அடுத்த தீபாவளிக்கு வந்தவன் கேட்டான்: "ஐயா, திரும்ப எழுதலாம்னு அன்னைக்கே ஏன் சொல்லல?" எங்களிடம் பதில் இல்லை.

ஆகவே இன்று சொல்கிறோம். தவறிய பாடத்தை மீண்டும் எழுதலாம். உயர்தரத்துக்கு 3 தடவை தோற்றலாம். பல்கலைக்கழக அனுமதியில் நுவரெலியா, பதுளை மாவட்டங்களுக்கு ஒதுக்கீடு உண்டு. பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி இருக்கிறது.

பிள்ளைகளே, படிப்பு உங்களுடையது. பழைய வினாத்தாளை நீங்களே செய்யுங்கள். பிழைத்த கணக்கைத் தனிக் கொப்பியில் எழுதி, அடுத்த வாரம் பார்க்காமல் செய்து பாருங்கள்.

பெற்றோரே, "எத்தனை மார்க்ஸ்?" என்று அதட்டாமல், "இன்னைக்கு எது விளங்கல?" என்று கேளுங்கள். இரவில் ஒரு மணித்தியாலம் டீவியை நிறுத்துங்கள்.

கவ்வாத்து வெட்டின மலை மொட்டையாகத்தான் தெரியும். அதற்காக யாரும் செடியைப் பிடுங்குவதில்லை. பெயிலான பிள்ளையும் அப்படித்தான்.