கண்டதெல்லாம் காரணமாகுமா?

(கடலூரிலும் சிதம்பரத்திலும் பேசியதன் சாரம்)



ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் கண்டு, வலிப்பு வந்து, நினைவு தப்பிவிட்டால் காரணம் சொல்ல நம் ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. பூசாரி காற்றுக் கருப்பு என்பான். ஜோசியன் கிரகதோஷம் என்பான். இவர்களில் ஒருவனாவது "எனக்குத் தெரியவில்லை" என்று சொன்னதுண்டா? அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத் துணிந்ததால்தான் வைத்திய சாஸ்திரம் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது.

1955-ல் வேலூரில் நோயாளிகளைச் சோதித்த பிறகே, ஜப்பான் மூளைக்காய்ச்சல் நம் நாட்டிலும் உண்டென்று தெரிந்தது. இந்தக் கடலூர் ஜில்லாவிலேயே, விருத்தாசலம் பக்கத்துக் கிராமங்களில் ஆராய்ச்சிக்காரர்கள் வருஷக்கணக்காகக் கொசுப் பிடித்துச் சோதித்தார்கள். நெல் வயல் தண்ணீரில் பெருகும் கொசுதான் பன்றியிடமும் கொக்கிடமும் உள்ள வைரசை மனிதனுக்குக் கொண்டுவருகிறது. இதில் கிரகத்துக்கு என்ன வேலை? காரணம் தெரிந்தது, தடுப்பூசியும் வந்தது.

ஆனால், எல்லா மூளைக்காய்ச்சலுக்கும் இதுவே காரணமல்ல. எவ்வளவு சோதித்தும் காரணம் அகப்படாத நோயாளிகள் அநேகர். ஆகவே இப்போது, நோயாளியின் இரத்தத்திலும் முதுகுத்தண்டு நீரிலும் உள்ள மரபுப் பொருள் முழுவதையும் எழுத்தெழுத்தாகப் படித்து, அதில் புதிய வைரஸ் ஏதேனும் உண்டா என்று தேடுகிறார்கள். 2013-ல் வியட்நாமில் அவ்விதம் ஒரு சின்னஞ்சிறு டி.என்.ஏ. வைரஸ் அகப்பட்டது. மனிதனின் மரபெழுத்து சுமார் 300 கோடி. இதற்கோ 2,000 கூட இல்லை. மூளை நோய்த்தொற்று என்று சந்தேகிக்கப்பட்ட 642 பேரில் 26 பேரிடம் அது இருந்தது.

உடனே "குற்றவாளி அகப்பட்டான்" என்று கூத்தாடினார்களா? இல்லை. சுகமாயிருந்த குழந்தைகளின் மலத்திலும், பன்றி, கோழிகளின் மலத்திலும் தேடினார்கள், அங்கும் இருந்தது. அடுத்த வருஷம் நேபாளம், கம்போடியா முதலிய இடங்களின் நோயாளிகளிடம் தேடினார்கள், அகப்படவில்லை. ஆகவே, அதுதான் காரணமென்று ருசுவாகவில்லை என்றே சொன்னார்கள்.

இதற்கு முன்பும் இப்படி நடந்ததுண்டு. 1997-ல் ஜப்பானில், இரத்தம் ஏற்றிக்கொண்ட பின் காரணம் தெரியாத கல்லீரல் நோய் கண்ட ஒருவரிடம் டி.டி. வைரஸ் அகப்பட்டது. நோய்க்கு அதுவே காரணமோ என்று எண்ணினார்கள். பிறகு பார்த்தால், சுகமாயிருப்பவர்களிலும் பெரும்பாலோர் உடம்பில் அது சும்மா குடியிருக்கிறது! இதற்கு நேர்மாறாக, பி19 என்னும் வைரஸ் 1975-ல் லண்டனில் சுகமாயிருந்தவர் இரத்தத்திலேயே தற்செயலாகக் கிடைத்தது. 1981-ல்தான், அரிவாளணுச் சோகையுள்ள குழந்தைகளுக்குத் திடீரென்று இரத்தம் ஊறாமல் போவதற்கு அது காரணமென்று தெரிந்தது.

ஆகவே தோழர்களே! வீட்டில் களவு போன அன்று தெருவில் நின்றவனெல்லாம் திருடனல்ல. நோயில்லாதவனிடமும் அது இருக்கிறதா, நோய்க்கு முன்னே வந்ததா, வேறொருவர் சோதித்தாலும் அகப்படுகிறதா என்று கேட்க வேண்டும். பூசாரியிடம் கேட்கும் கேள்வியை டாக்டரிடமும் கேட்பதுதான் பகுத்தறிவு.

"உங்கள் சயன்சுக்கும் தெரியவில்லையே" என்று சிலர் பரிகாசம் செய்வார்கள். தெரியாததைத் தெரியாது என்பது யோக்கியம். தெரியாததற்குத் தட்சணை வாங்குவது மோசடி.

கடைசியாக ஒன்று. குழந்தைக்கு வலிப்புக் காய்ச்சல் வந்தால் மந்திரிக்க ஓடி நேரத்தைப் போக்காதீர்கள். நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டாக்டர் முதுகுத்தண்டு நீர் எடுக்க வேண்டுமென்றால், பிள்ளை நொண்டியாகிவிடும் என்று பயந்து தடுக்காதீர்கள். காரணத்தைத் தேடுவதற்கு அந்தச் சில துளி நீர்தான் ஆதாரம்.