பொறிகள் ஆடும் பந்தயம்



பந்தயம் என்றால் உதைபந்தாட்டமும் துடுப்பாட்டமுமே நம் நினைவுக்கு வரும். மாணவர் தம் கையாற் செய்த பொறிகள் ஒன்றோடொன்று போட்டியிடுவதும் அவற்றுக்கு இளையாத காட்சி என்று நான் சொன்னால் சிலர் நகைக்கக்கூடும். கண்டவர் நகையார். யப்பானிலே இத்தகைய போட்டியொன்றின் இறுதிச் சுற்று, சூமோ மல்லர் பொருதும் கொக்குகிக்கான் என்னும் பேரரங்கிலே பல ஆண்டுகள் நடைபெற்றிருக்கின்றது.

இவ்விளையாட்டை வளர்த்தவர்களுள் ஒலிபரப்பாளரும் உளர். யப்பானிய ஒலிபரப்புக் கழகம் 1988 ஆம் ஆண்டிலே தொழில்நுட்பக் கல்லூரி மாணவரிடையே நான் சொன்ன போட்டியைத் தொடக்கியது. அதன் வழிவந்ததே, ஆசிய பசிபிக் ஒலிபரப்பு ஒன்றியம் 2002 ஆம் ஆண்டிலே தோக்கியோவில் ஆரம்பித்த றோபோகொன் போட்டி. அம்முதற் போட்டியில் வாகை சூடியோர் வியட்நாம் மாணவர். இலங்கை மாணவரும் இக்களத்தில் இறங்கியதுண்டு.

காண்பார் நெஞ்சைப் பிணிப்பது யாது? பொறியின் வேகமன்று. உதைபந்தாட்டக்காரன் பந்தைத் தவறவிட்டால், அடுத்த கணமே ஓடிச்சென்று பிழையைத் திருத்திக்கொள்ளலாம். இங்கோ, மாதக்கணக்கிற் கண்விழித்துச் செய்த பொறியைக் களத்திலே விட்டபின் நினைத்தபோது அதைத் தொடுதல் ஆகாது. தானே இயங்கும் பொறியாயின், செய்தவன் புறத்தே நின்று பார்ப்பதன்றி வேறு வழியில்லை. ஆட்டமோ பெரும்பாலான ஆண்டுகளில் மூன்றே நிமிடம். நிலத்திலுள்ள வெள்ளைக் கோட்டை உணர்கருவி ஒருமுறை தவறவிட்டாற் போதும். பொறி வேறெங்கோ போய்ச் சுவரை முட்டி நின்றுவிடும். மத்தியஸ்தரின் அனுமதியோடு அதனைத் தூக்கி வந்து மீண்டும் விடலாம். ஆனால் கடிகாரம் காத்திருப்பதில்லை. மேடையேறிய குழந்தை பாட்டை மறந்து திகைக்கும்போது கீழேயிருக்கும் தாய் படும் பாட்டை அந்த மாணவனின் முகத்திலே காணலாம். அவ்வேளையில் அரங்கிலுள்ளோர் பொறியைப் பார்ப்பதில்லை, அவனையே பார்க்கின்றனர்.

ஆட்டமே ஆண்டுதோறும் மாறிவிடுவது மற்றொரு சுவை. போட்டியை நடத்தும் நாடு பெரும்பாலும் தன் மரபிலிருந்து ஒன்றை எடுத்து விதி வகுக்கும். 2008 இல் புனே நகரிலே, நம் உறியடியை ஒத்த கோவிந்தா விளையாட்டு. 2010 இல் கெய்ரோவிலே பிரமிட்டுக் கட்டுதல். 2022 இல் புதுடில்லியிலே நிகழ்ந்ததை நம் சிறுவர் உடனே இனங்கண்டுகொள்வர். தட்டையான கற்களை அடுக்கி, பந்தெறிந்து கலைத்து, எதிர்ப்பக்கத்தாரின் பந்தடிக்குத் தப்பி மீண்டும் அடுக்கும் விளையாட்டு. லகோரி என்பது அதற்கு அங்கே வழங்கும் பெயர். ஒரு பக்கத்துப் பொறி பந்தெறிந்து ஐந்து வட்டுகளைக் கலைக்கும். துணைப்பொறி தலையிலே ஒரு பந்தைத் தாங்கியவாறே அவற்றை ஒவ்வொன்றாய் மீண்டும் அடுக்கும். எதிர்ப்பக்கத்துப் பொறி அந்தத் தலைப்பந்தைக் குறிபார்த்து எறியும். எந்த வட்டு எங்கே போய் விழும் என்பதை எந்தக் கணிதத்தாலும் முன்னறிய இயலாது. நான்கு வட்டு ஏறி ஐந்தாவது வட்டு மேலே ஆடிக்கொண்டு நிற்கும் கணத்தை என்னென்பது! வானொலியிலே அதைக் காட்ட வழியில்லை. பொறியியலில் ஓரெழுத்தும் அறியாத பாட்டியும் அதைக் கண்டால் மூச்சை அடக்கிக்கொண்டிருப்பார்.

ஒன்றையொன்று உடைத்து நொறுக்கும் பொறிச்சண்டைகளும் மேல்நாடுகளிலே உண்டு. எனக்கு அவற்றில் நாட்டமில்லை. தீப்பொறி பறப்பதைக் காண எத்துணை நேரந்தான் இருப்பது?

இத்தகைய களத்திலே ஆட்டம் முடிந்ததும் எழுந்து போய்விடாதீர்கள். தோற்ற மாணவர் கண்ணீரைத் துடைக்குமுன்பே பொறியின் அடியிற் குனிந்து, எந்தக் கம்பி கழன்றது என்று தேடத் தொடங்குவர். சில வேளைகளில் வென்ற குழுவினரும் வந்து அவர்களோடு குனிவதுண்டு.